ஒருமை

எழுத்தர் மேஜையில் நான் உட்கார்ந்து
இது ஏழாவது மாதம்.
சொந்த ஊர் கோபிச்செட்டிப்பாளையம்.
எங்கள் பக்கம் கன்றுக்குட்டியை விரட்டினாலும்
கடைசியில் ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டு வரும்.
கட்டிக்கொடுத்த இடம் அம்பாசமுத்திரம்,
மாறுதல் கிடைத்த இடம் முக்கூடல்.

வந்த முதல் வாரம்
ஊரே சண்டை போடுகிறது என்று நினைத்தேன்.
எங்கலே போற, சாப்பிட்டியாலே,
சவத்த மூதி, நேத்து ஏம்லே வரல.
லத்தியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினால்
ரெண்டு பேரும் ஒரே சைக்கிளில்
ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பிறகு காது பழகியது.
லே, ஓரெழுத்து.
வினையின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.
அதற்கு மேல்படி, வே.
'வாரும்வே' என்றால் பாதி மரியாதை, பாதி கிண்டல்;
சம்பந்திகளும் பழைய கடன்காரர்களும்
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது.
அதற்கும் மேலே, அண்ணாச்சி.
யாருக்கு எந்தப் படி என்று
எங்கும் எழுதி ஒட்டவில்லை.
எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இன்று காலை பாரா வந்து சொன்னார்:
"ஒரு ஆள் வந்துருக்கு."
அஃறிணை.
வந்தது பலவேசம்,
பஞ்சாயத்து மோட்டார் ரூமில் தண்ணீர் திறந்துவிடுகிறவர்.
வயது ஐம்பத்தெட்டு. கையில் சாவிக்கொத்து.
"என்ன விஷயம், சொல்லு."
"ஒருத்தன் என்னைய லேன்னுட்டான்மா.
நீங்க அத எழுதணும்."

அடிச்சானா? இல்லம்மா.
கெட்ட வார்த்தை? இல்லம்மா.
"ஏலே பலவேசம், தண்ணி எங்கலே?"
அவ்வளவுதான்.
கேட்டவனுக்கு இருபது வயசு, மேலத்தெரு.
டீக்கடை பெஞ்சில் பதினோரு பேர்.
"ஒருத்தரும் திரும்பிப் பாக்கலம்மா.
அதான்."

கம்ப்யூட்டரில் வாசகங்கள் தயாராகவே இருக்கின்றன.
தகாத வார்த்தைகளால் திட்டி,
கையால் தாக்கி,
கொலை மிரட்டல் விடுத்து.
முதலாவதைத் தட்டினேன்.
திரையை எட்டிப் பார்த்தார்.
"தகாத வார்த்தை இல்லம்மா அது.
எங்கூட வேல பாக்க உச்சிமாகாளி
நெதம் நூறு தடவ சொல்லுவான்.
ஒருநா சொல்லலன்னா
அவனுக்கு மேலுக்கு என்னமோன்னு பயந்துருவேன்."

அழித்தேன்.
காவல் தமிழில் இதற்கென்று ஒரு சொல் இருப்பது
அப்புறம்தான் நினைவுக்கு வந்தது:
ஒருமையில் பேசி.

ஆறாம் வகுப்பில் ஒருமை என்றால் எண்ணிக்கை.
மாடு, மாடுகள். மரம், மரங்கள்.
அதில் மாட்டுக்கும் வருத்தமில்லை, மரத்துக்கும் இல்லை.
இருப்பது ஓர் ஆள்தான்;
அவரை ஒன்று என்று எண்ணினால் குற்றம்,
பலராக்கிக் கூப்பிட்டால் மரியாதை.
கணக்கு டீச்சர் கேட்டால் அடிப்பார்.

அடித்து முடித்துப் படித்துக் காட்டினேன்.
"மேற்படி நபர் பொதுமக்கள் முன்னிலையில்
வாதியை ஒருமையில் பேசி அவமானப்படுத்தியதாக
அவர் கொடுத்த புகாரின் பேரில்…"
"அவர்னா யாரும்மா?"

நீதான் என்று பல்வரை வந்தது.

எண்ணிப் பார்த்தேன், காலையிலிருந்து:
சொல்லு, இரு, பேரென்ன உனக்கு,
கையெழுத்துப் போடுவியா, ரேகையா.
இதை இந்த ஊர்தான் கற்றுக்கொடுத்தது என்று சொல்லலாம்.
கன்றுக்குட்டிக்குக் கிடைத்த அந்த 'ங்க'
எங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்ட வந்த
மாராயாளுக்கு ஒரு நாளாவது கிடைத்ததா?
யோசித்தேன்.
வேண்டாம் என்று நிறுத்தினேன்.

"நீங்கதான்."

அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.
பதினோரு மணிக்குக் கீழத்தெருவுக்குத் திறந்துவிடணும் என்றார்.
சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு
நாலெழுத்து, கடைசியில் ஒரு புள்ளி,
அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார்.
ரேகை மை திறக்காமலே இருந்தது.

அவர் போனதும் மந்திரம் டீயோடு வந்தான்,
டீக்கடைப் பையன்.
"இங்க வைலே" என்றேன், எப்போதும்போல.
சிரித்தான்.

அது என்ன சிரிப்பு என்று
டீயில் ஆடை படியும்வரை
யோசித்துக்கொண்டிருந்தேன்.